பேச்சைத் திருப்பித் தந்தவர்களுக்கு

என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே முன்பு நூல்கூட நுழையாது. சில மாதங்களில் அங்கே தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. வலி இல்லாததால் நான் பொருட்படுத்தவில்லை. முதலில் காட்டிய இடத்தில் ஈறு வீக்கம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்படியே மூன்று மாதம் போயிற்று.

அதற்குப் பிறகு நான் தேடி வந்த பல் மருத்துவர் அம்மாவுக்குத்தான் முதல் நன்றி. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தீர்கள். பல்வேரைச் சுற்றி மெல்லிய கோடாக இருக்க வேண்டிய இடைவெளி ஒரே சீராக அகன்றிருப்பதைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினீர்கள். "இது எனக்கு ஈறு நோயாகத் தெரியவில்லை. பல்லில் கை வைக்க வேண்டாம், முதலில் திசுப் பரிசோதனை செய்துவிடலாம்" என்றீர்கள். அந்தப் படத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்த நன்றி, என் திசுவை ஆராய்ந்து நோயைக் கண்டறிந்த, நான் முகமே பார்த்திராத நோய்க்குறியியல் மருத்துவருக்கு. அறிக்கை வரத் தாமதமான நாட்களில் உங்களை மனத்துக்குள் கடிந்துகொண்டேன். மன்னியுங்கள். குருத்தெலும்பை உருவாக்கும் புற்றுநோயான காண்ட்ரோசார்கோமா இடுப்பெலும்பிலும் தொடையெலும்பிலும் விலாவிலும் வருவதே வழக்கம், தாடையில் மிக அரிது. தாடைக் கட்டியில் குருத்தெலும்பு தென்பட்டால் அது எலும்பை உருவாக்கும் புற்றுநோயான ஆஸ்டியோசார்கோமாவின் ஒரு வகையாகவும் இருக்கலாம். புற்றணுக்கள் எங்கேனும் ஒரு துளி எலும்பை உண்டாக்கியிருந்தால் நோயின் பெயரே மாறிவிடும். அந்தத் துளி இருக்கிறதா என்றுதான் மீதித் திசு முழுவதையும் சீவிச் சீவிப் பார்த்திருக்கிறீர்கள். அது இல்லை; என் நோய் காண்ட்ரோசார்கோமாதான். பெயர் மாறினால் சிகிச்சையும் மாறும். வழக்கமான காண்ட்ரோசார்கோமாவில் இரத்தக் குழாய்கள் குறைவு, அணுக்கள் மெதுவாகவே பெருகும், கீமோ பெரும்பாலும் எடுபடாது. நீங்கள் அவசரப்பட்டிருந்தால் பயனில்லாத மருந்து என் உடம்பில் ஏறியிருக்கும்.

கட்டியை மட்டும் சுரண்டி எடுத்தால் போதாதா என்று அறுவை மருத்துவரிடம் கெஞ்சினேன். சுற்றியுள்ள நல்ல எலும்பையும் சேர்த்து எடுத்தால்தான் நோய் அங்கேயே மறுபடி முளைக்காமல் இருக்க வழி என்று நீங்கள் காகிதத்தில் தாடையை வரைந்து காட்டினீர்கள். வெட்டிய விளிம்புகளில் புற்றணு இல்லை என்ற அறிக்கை வந்த அன்று, அதை நீங்களே வார்டுக்கு எடுத்துவந்து படித்தீர்கள். அந்தக் குரல் எனக்கு மறக்காது.

என் அக்காவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனாலும் சொல்கிறேன். எட்டு வாரம் எல்லாவற்றையும் கூழாக அரைத்துத் தந்தவள் அவள்.

அண்ணத்தை மூடியிருந்த தற்காலிகத் தகட்டைக் கழற்றிய நாளில்தான் அறுவையால் அங்கே விழுந்த திறப்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. "அப்பா" என்று சொன்னால் "அம்மா" என்று கேட்டது. காற்று மூக்கில் தப்பிவிடுவதால் பகரம் மகரமாகிவிடுகிறது. செயற்கை அண்ணத்தைச் செய்து தந்த ஐயா, ஒவ்வொரு முறையும் ஒரு நூலளவு தேய்த்து, மாட்டிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்த்தீர்கள். எத்தனை முறை என்று எண்ணவில்லை. நீங்கள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

இந்த நோய் பத்து ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடும் என்பதால் தாடைக்கும் நுரையீரலுக்கும் ஸ்கேன் எடுக்க இன்னும் வந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் மருத்துவக் கோப்பினை முன்கூட்டியே எடுத்துவைக்கும் மருத்துவமனைத் தம்பிக்கும் என் நன்றி.

கடைசியாகப் பேச்சுப் பயிற்சியாளருக்கு. என் மூக்கின் கீழே சிறிய கண்ணாடியைப் பிடித்து "பா, பா" என்று சொல்லச் சொல்வீர்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு நாள் மாலை அது தெளிவாகவே இருந்தது. நீங்கள் ஒன்றும் பேசாமல் கண்ணாடியை என் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். அன்றிரவு தொலைபேசியில் "அப்பா" என்றேன். "என்னம்மா?" என்று உடனே பதில் வந்தது.