"ஒண்ணுமில்லை" என்று சொல்லி அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் அக்கா சிவதாபுரத்தில் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறாள். இருபது வருஷமாகச் சலங்கை கோர்க்கிற கை, பேசிக்கொண்டே கோர்த்தாலும் ஒன்றுகூடத் தவறாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் அந்தக் கை உதறி, தட்டில் இருந்த சலங்கை மொத்தமும் தரையில் சிதறிவிட்டது. நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, செத்துருவேன் போலிருக்கு என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் பாதி தணிந்தும்விட்டது. ஈசிஜி எடுத்துப் பார்த்து, "ஒண்ணுமில்லைம்மா, கேஸ்தான், டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு முறை, இதே பதில்.

ஒண்ணுமில்லை என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பது எதற்கு? பையன் ஓமலூர் பக்கம் காலேஜுக்கு பைக்கில் போகிறான். நாலு மணிக்கே வாசலில் வந்து நிற்பாள், கையில் இருக்கும் போன் வியர்வையில் நனைந்திருக்கும். அவன் வந்துவிட்டால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை, கவலை அப்படியே சீட்டுப் பணத்துக்குத் தாவும், அங்கிருந்து மாமியாருடைய சர்க்கரைக்கு, அப்புறம் மறுபடி பையனுக்கே. "கண்டதையும் யோசிக்காதக்கா" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். யோசிக்காமல் இருக்க முடிந்தால் அவள் இருந்திருக்க மாட்டாளா? அது முடியாமல் போவதுதான் நோயே என்று எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆயிற்று.

கவலை எல்லாமே நோய் இல்லைதான். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள், நிறுத்த நினைத்தாலும் நிற்காத கவலை, அதோடு தூக்கம் கெடுவது, கழுத்தும் தோளும் இறுகிக் கிடப்பது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் என்று வந்தால் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். இந்தப் பதற்ற நோய்கள் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம். பிரசவத்துக்குப் பிறகும், மாதவிடாய் நிற்கிற வயதிலும் ஹார்மோன் மாறுவதும் ஒரு காரணம் என்கிறார்கள், சரி. ஆனால் வீட்டில் யாருக்கு எப்போது மாத்திரை, எந்தத் தேதிக்கு வட்டி என்பதெல்லாம் ஒருத்தி தலையிலேயே இருப்பதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்!

கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் "தூங்குறீங்களா" என்று முதலில் கேட்டார். தைராய்டு அதிகம் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும் என்று முதலில் அதைச் சோதித்துவிட்டு, மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரா என்று வீட்டில் பெரிய சண்டை. மாத்திரையைப் பத்தாம் நாளே அக்கா நிறுத்திவிட்டாள். அது வேலை செய்யவே சில வாரம் ஆகும், தானாக நிறுத்தக் கூடாது என்று எங்களுக்குத் தெரியாது. மறுபடி போய், மாத்திரையும் வாராவாரம் ஆலோசனையுமாக இப்போது நன்றாகவே இருக்கிறாள். படபடப்பு எப்போதாவது வருகிறது. வந்தாலும் பத்து இருபது நிமிஷத்தில் தணிந்துவிடும் என்று இப்போது அவளுக்கே தெரியும்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே பெண் ஊழியர்கள் வருகிறார்கள், நல்ல திட்டம். நம்ம ஊர்ப் பெண்கள் அவர்களிடம் மனசு விட்டுப் பேசுவார்கள். அவர்களே இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: இந்த இரண்டு வாரத்தில் பதற்றமாகவே இருந்ததா, கவலையை நிறுத்த முடியாமல் போனதா? ஆமாம் என்றால் எங்கே போக வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். வெளியே போகத் தயங்குகிறவர்களுக்கு 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைச் சொல்லட்டும், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். சேலம் மாவட்டச் சுகாதாரத் துறை இதை யோசிக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.