நீ கேட்காத தாளும் இதில் இருக்கிறது

காவேரிப்பட்டணம்
14.3.2026

அன்புள்ள சங்கருக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். அம்மாவுக்குக் கண் புரை எடுத்து இன்றோடு பதினெட்டு நாள். சொட்டு மருந்து நான்தான் விடுகிறேன், கை நடுங்குகிறது என்று திட்டு வாங்குகிறேன். மாமரத்தில் பூ நன்றாகப் பிடித்துப் பாதி கொட்டிவிட்டது. தோத்தாபுரி தேறும் போலத் தெரிகிறது, செந்தூரா சந்தேகம்தான். மற்றபடி ஊரில் விசேஷம் இல்லை.

இதற்கெல்லாம் எதற்குக் கடிதம், போனில் சொல்ல வேண்டியதுதானே என்று நினைப்பாய். போனில் நீ 'சரிப்பா, சரிப்பா' என்கிறாய். போனை வைத்த பிறகு எதற்குச் சரி சொன்னாய் என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடுவதில்லை. காகிதம் என்றால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

ஆஸ்திரேலியா விசாவுக்கு வேண்டிய தாள்கள் என்று நீ அனுப்பிய பட்டியலில் பதினேழில் பதினாறு முடிந்தது. பதினேழாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஒரிஜினல்கள் எல்லாவற்றையும் என் பழைய கண்டக்டர் பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி கோர்ட் பக்கம் போனேன். பஸ்ஸில் ஒரு பெரியவர் என்னிடம் சில்லறையை நீட்டி, 'ஒரு கிருஷ்ணகிரி' என்றார். ரிட்டையர் ஆகி ஆறு வருடம் ஆகியும் பைக்கு மரியாதை போகவில்லை. நோட்டரி வக்கீல் பொறுமையான மனிதர். ஒரிஜினலையும் நகலையும் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் சீல் வைத்தார். நீ எழுதியிருந்தபடி ஒவ்வொரு பக்கத்திலும் 'உண்மை நகல்' முத்திரை, கையெழுத்து, அவர் பெயர், நோட்டரி பதிவு எண், தேதி எல்லாம் இருக்கிறது. ஐந்தாவது செமஸ்டர் மார்க் ஷீட்டில் மட்டும் தேதி விட்டுப் போயிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து எண்ணும்போது கண்ணில் பட்டது, திரும்பிப் போய்ப் போட வைத்தேன். முப்பது வருடம் ராத்திரி டெப்போவில் டிக்கெட் கணக்கு ஒப்படைத்தவன் நான். ஆனாலும் கவர் வந்ததும் நீயும் ஒரு தடவை எண்ணு. எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணு.

உன் கவுன்சலிங் சமயத்தில் ஹெட்மாஸ்டர் பச்சை மையில் ஒரு கையெழுத்துப் போட்டார், வேலை முடிந்தது. அந்தக் கையெழுத்தோடு பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்து நீ வந்தபோது என் பஸ்ஸில் அன்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் தெரியுமா. டிக்கெட் வாங்காமல் இறங்கியவர்கள்கூட இருப்பார்கள்.

பிரௌசிங் சென்டர் தம்பி எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் செய்து கொடுத்தான். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடுமாம், டாக்குமெண்ட் என்று அனுப்ப வேண்டுமாம். அப்படியே அனுப்பியிருக்கிறேன். தாள்கள் ஸ்பீட் போஸ்ட்டில் வரும். உள்நாட்டுக்கு ரிஜிஸ்டர் தபால் என்று தனியாக இப்போது இல்லை, போன செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்.

இரண்டு விஷயம் கவனம். மார்க் ஷீட்டில் எம்.சங்கர், பாஸ்போர்ட்டில் சங்கர் முனியப்பன். என் பெயர் உனக்குக் குடும்பப் பெயர் ஆகிவிட்டது, தோஹாவில் உன்னை மிஸ்டர் முனியப்பன் என்று கூப்பிடுகிறார்கள் என்று சிரித்தாயே. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் விண்ணப்பத்தில் இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு வரி எழுது. அப்புறம், நீ பிறந்தபோது நம் ஊர் தர்மபுரி மாவட்டம். 2004இல் கிருஷ்ணகிரியைப் பிரித்தார்கள், நீ ஆறாவது படித்தாய். பழைய தாளில் ஒரு மாவட்டம், டி.சி.யில் வேறு மாவட்டம். ஆஸ்திரேலியாக்காரனுக்கு இதெல்லாம் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும். எதையும் அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று விடாதே. உள்ளதை உள்ளபடி எழுது.

நீ வேலை பார்த்த ஓசூர் கம்பெனி மூடிவிட்டதால் அந்த சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட கடிதத்தையே வைத்திருக்கிறேன். அவர் இப்போது பாகலூர் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், உன்னை மிகவும் விசாரித்தார்.

சரி. உன் பட்டியலை நான் எத்தனை தடவை படித்தேன் என்று அம்மாவைக் கேள். பதினேழும் உன்னுடையவை. மருமகளுடையது ஒன்றுகூட இல்லை. மறந்திருப்பாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுடைய பத்தாவது, பன்னிரண்டாவது, பி.எஸ்சி., பி.எட். எல்லாம் இங்கே பீரோவில்தான் இருக்கின்றன. தீபாவளிக்குப் பாலக்கோடு போனவள் துணிமணியை எடுத்துக்கொண்டாள், சர்டிபிகேட்டை எடுக்கவில்லை. அதை நான் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

பிரௌசிங் சென்டர் தம்பி ஆஸ்திரேலியாவின் புள்ளிக் கணக்கைத் திரையில் காட்டினான். குறைந்தது 65 வேண்டும், அழைப்பு வர அதற்கு மேலும் வேண்டும் என்றான். வயது 25 முதல் 32 வரை 30 புள்ளி, 33 ஆகிவிட்டால் 25. படிப்புக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை. அவன் கீழே தள்ளிக்கொண்டே போனான். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னேன். துணை இல்லாதவருக்கு 10 புள்ளி என்று இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ படித்தவன், உனக்குத் தெரியாததா. ஆனால் அதே கட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. மனைவி அந்த ஆங்கிலத் தேர்வில் போதுமான அளவு வாங்கினாலே 5 புள்ளி. அவளுக்கும் தகுந்த தொழில் மதிப்பீடு கிடைத்துவிட்டால் உனக்கு அதே 10. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிற பெண்ணுக்கு அந்தத் தேர்வு ஒரு பாடா. கூட வராத மனைவியையும் விண்ணப்பத்தில் காட்டியே ஆக வேண்டுமாம். பொய்யான தகவல் என்று பிடித்தால் விசாவை மறுப்பதோடு, மூன்று வருடத்துக்கு வேறு விசாவுக்கும் வழியில்லாமல் செய்துவிடுவார்களாம். நீ அப்படிச் செய்வாய் என்று சொல்லவில்லை. கணக்கைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழையும் இரண்டு நகல் எடுத்துச் சீல் வாங்கிவிட்டேன். நீ கேட்கவில்லை. போனதும் போனோம் என்று வாங்கினேன். கவரில் முதலில் இருப்பது அதுதான்.

கண் ஆபரேஷன் அன்று ராத்திரி அம்மாவுக்குத் துணை யார் என்று கேட்டாயே, சின்னம்மா என்று அம்மா சொன்னாள் அல்லவா. சின்னம்மா இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு வந்தாள். காலையில் எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, 'மாமா, அத்தை குனிந்து எதையும் எடுக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். உன்னைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதே அவள் பெயரைச் சேர் என்றேன், நீதான் அப்புறம் அப்புறம் என்றாய்.

இப்போது பதினேழாவது.

பிறப்புச் சான்றிதழ் கரையான் அரித்துவிட்டது, நகராட்சிப் பதிவேட்டிலும் இல்லை என்று நான் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். இருபது ரூபாய்ப் பத்திரம் இப்போது இருநூறு ஆகிவிட்டது. வாங்கினேன். டைப் அடிப்பவர் நீ அனுப்பிய வாசகத்தை அப்படியே அடித்து, 'படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் ஐயா' என்றார். 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்ற வரி வரைக்கும் படித்தேன். பேனாவைத் திறந்தேன். மூடி வைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

கரையான் அரிக்கவில்லை, தம்பி. சான்றிதழ் ஆயாவின் டிரங்குப் பெட்டியில், என் சர்வீஸ் ஆர்டருக்குக் கீழே இத்தனை வருடமும் இருக்கிறது. நகராட்சிக்கு நான் போகவே இல்லை. போனேன் என்று உன்னிடம் இரண்டு தடவை சொன்னது பொய்.

நீ புரட்டாசியில் பிறந்தவன், சர்டிபிகேட்டில் மே 30 என்பது உனக்குத் தெரிந்ததுதான். நம் ஊரில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள். உனக்குத் தெரியாதது மீதி. 1998 ஜூனில் ஆயா போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மா மாங்கூழ் பேக்டரிக்குப் போனால்தான் அந்த வருடம் கடன் அடையும். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, உனக்கு ஐந்து நிறையவும் இல்லை. வாத்தியார் வயது என்ன என்றார். பிறப்புச் சான்றிதழ் பையில் இருக்கும்போதே இல்லை என்றேன். அவரே ஒரு தேதியைச் சொன்னார், நான் தலையாட்டினேன்.

அதுகூடப் பரவாயில்லை. நீ பத்தாவது படிக்கும்போது, 2007 கடைசியில், பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன் தேதியைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். திருத்துவதென்றால் இப்போதே திருத்துங்கள், பொதுத் தேர்வுச் சான்றிதழ் வந்துவிட்டால் கஷ்டம் என்று ஹெட்மாஸ்டர் தெளிவாகச் சொன்னார். அவர் தினமும் என் பஸ்ஸில் வருபவர். இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு மூன்று முடியவில்லை என்று சொல்லும் தாய்மார்களிடம் நான் அரை டிக்கெட்டுக்குச் சண்டை போடுவதை அவர் எத்தனை நாள் பார்த்திருக்கிறார். அவர் முன்னால் என் பிள்ளைக்கு நானே வயதைக் கூட்டிச் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி சார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு நீ கேட்ட போதெல்லாம் கரையான்.

தாளில் உள்ளபடி உனக்கு இந்த மே 30இல் 33 ஆகிவிடும். உண்மையான தேதிப்படி என்றால் அக்டோபர் 14. இடையில் நாலரை மாதம், அதற்குள் அழைப்பு வந்தால் ஐந்து புள்ளி. அந்த ஐந்தை உன்னிடமிருந்து எடுத்தவன் நான். திரையில் அந்த வயதுக் கட்டத்தையும் இந்தத் துணைக் கட்டத்தையும் சேர்த்துப் பார்த்ததில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் எடுத்த ஐந்தை ஈடுகட்ட நீ எதையாவது எழுதிவிடுவாயோ என்று. இல்லை என்றால் மன்னித்துக்கொள். கோபித்துக்கொண்டாலும் சரி, போன் போட்டுக் கோபித்துக்கொள்.

பிறப்புச் சான்றிதழின் நகலும் கவரில் இருக்கிறது. 14.10.1993, மாவட்டம் தர்மபுரி. நோட்டரி இரண்டு தேதியையும் பார்த்துவிட்டு, 'ரெண்டும் ஒரே பையனாங்க?' என்றார். ஒரே பையன்தான் என்றேன். பாஸ்போர்ட் வரைக்கும் மே 30 ஏறிவிட்ட பிறகு இதை வைத்து என்ன செய்ய முடியும் என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேள். புள்ளி போனாலும் போகட்டும், இரண்டு தாளையும் மறைக்காமல் காட்டு.

திங்கட்கிழமை மறுபடியும் கோர்ட்டுக்குப் போகிறேன். புதுப் பத்திரம் வாங்கி, பள்ளியில் தேதியை மாற்றிக் கொடுத்தது நான், தெரிந்தேதான் கொடுத்தேன் என்று அடிக்கச் சொல்வேன். 'தவறுதலாக' என்று போடுவதுதான் வழக்கம் என்பார். வேண்டாம் என்பேன்.

பீரோ சாவி அம்மாவிடம் இருக்கிறது. மருமகளுடைய சர்டிபிகேட்டையும் அன்றைக்கே பையில் எடுத்துப் போகட்டுமா, அதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். இந்தக் கடிதம் அதற்குள் வராது என்பதால், இந்தக் கேள்வியை மட்டும் வாட்ஸப்பிலும் போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா