தெருவைத் தோண்டும் முன் ஊராட்சியோடு பேச வைக்க வேண்டி ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர், ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பு,
மற்றும் ஊர்ப் பொதுமக்கள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: ஊராட்சி எல்லைக்குள் பணி செய்யும் துறைகள் மாதம் ஒருமுறை ஊராட்சி அலுவலகத்தில் கூடிப் பேசவும், தெருவைத் தோண்டும் முன் ஊராட்சிக்கு எழுத்தில் தெரிவிக்கவும் உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர், குழுக்களின் கூட்டமைப்புக்குச் செயலாளர். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டு வருடமாகக் காலை உணவு சமைத்து வருகிறேன். இந்த மனுவில் புதிய நிதியோ கட்டடமோ கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு வேலை செய்ய வருகிற ஒவ்வொரு துறையும் மற்ற துறையோடும் ஊராட்சியோடும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

ஏன் கேட்கிறோம் என்பதற்கு நடந்ததைச் சொல்கிறேன். போன ஆவணியில் பள்ளிக்கூடத் தெருவுக்கு பேவர் பிளாக் கல் பதித்தார்கள். பல வருடம் சேற்றில் நடந்த தெரு, ஊரே சந்தோஷப்பட்டது. கல் பதித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, புதிய குடிநீர்க் குழாய் பதிக்க வேறொரு ஒப்பந்ததாரரின் ஆட்கள் ஜேசிபியோடு வந்து அதே தெருவைப் பிளந்தார்கள். அதில் பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் போகிற பழைய குழாய் உடைந்தது. மண்ணை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் புதன்கிழமை, பொங்கல் போடுகிற நாள். காலை ஐந்தரைக்குச் சமையலறைக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அரிசி களைய ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நானும் கூடச் சமைக்கிற அக்காவும் கோயிலடி அடிபம்பில் அடித்து, அவர் மகனின் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டிரண்டு குடமாகக் கொண்டுவந்தோம். அடுப்புப் பற்றவைத்த நேரம், சமையல் முடிந்த நேரம் எல்லாவற்றையும் செல்போன் செயலியில் பதிய வேண்டும். அன்றைக்குப் பதிந்த நேரத்தைப் பார்த்தால் எங்கள் தவறு போலத்தான் தெரியும். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். முதல் மணியைத் தலைமை ஆசிரியர் தள்ளி அடித்தார். இப்படி ஐந்து நாள் ஓடியது.

அந்த ஐந்து நாளும் நாங்கள் யாரிடம் போகவில்லை? குழாய் பதித்தவர்கள், பழைய லைன் எங்கள் கணக்கில் இல்லை என்றார்கள். கல் பதித்தவர்கள், உடைத்தவர்கள்தான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். ஊராட்சியில் கேட்டால், தோண்டப்போவது எங்களுக்கே தெரியாது என்றார்கள். ஒருவரும் எங்களை விரட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் தண்ணீர் வரவில்லை. கடைசியில் எங்கள் ஊர் தொட்டி ஆபரேட்டர்தான், அந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று தனக்கு நினைவில் இருந்ததை வைத்துத் தோண்டி ஒட்டவைத்தார். அவர் நினைவைத் தவிர எங்கள் ஊர்க் குழாய்களுக்கு வரைபடம் என்று எதுவும் கிடையாது. அவருக்கும் வயதாகிவிட்டது.

ஐயா / அம்மா, ஒரு குடம் தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வர எத்தனை கை மாறுகிறது என்பது தாங்கள் அறிந்ததே. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊர் வரைக்கும் தண்ணீரைக் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, குளோரின் கலந்து, தெருவுக்கு விடுவது ஊராட்சி. மோட்டார் ஓட மின்வாரியம் வேண்டும். குழாய் போகிற சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், ஒன்றியத்துடையதாக இருக்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் திட்டத்தில் கணக்கு இருக்கிறது. அது நடுவில் யாரோ ஒருவரின் கடப்பாரையில் நின்றுபோனால், அந்தக் கணக்கை எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது?

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73வது அரசியல் சட்டத் திருத்தம், குடிநீர், சாலை, சுகாதாரம், தொடக்கக் கல்வி, பெண்கள் குழந்தைகள் நலம் என 29 பொருள்களைப் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிட்டிருக்கிறது. சரி, இத்தனையையும் ஊராட்சி தனியாகச் செய்ய முடியாது, துறைகள் வேண்டும். அதனால்தான் அவர்களோடு சேர்ந்து உட்கார இடம் கேட்கிறோம்.

சேர்ந்து செய்தால் நடக்கிறது என்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் ஊருக்கும் வந்தது. சுகாதாரத் துறையின் மாத்திரையை எங்கள் குழுவைச் சேர்ந்த பெண் வீடு வீடாகக் கொண்டுபோகிறார். யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். காலை உணவுத் திட்டமும் அப்படித்தான். பள்ளி ஒரு துறை, சமைக்கிற நாங்கள் மகளிர் குழு, சமையல் கூடம் ஊராட்சியின் பொறுப்பில். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006ல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றது. ஒரு கிராம ஊராட்சி, ஒரு வங்கி, மின்வாரியம் மூன்றும் பேசி முடித்த காரியம் அது. எங்களுக்குக் காற்றாலை வேண்டாம். குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தால் போதும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. மாதத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஊராட்சி அலுவலகத்தில் எல்லாத் துறைகளின் களப் பணியாளர்களும் கூட உத்தரவிட வேண்டும். பெரிய அதிகாரிகள் வரவேண்டும் என்று கேட்கவில்லை. ஒன்றிய ஓவர்சியர், குடிநீர் வாரியப் பொறியாளர், லைன்மேன், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், தலைமை ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சி செயலர், அப்புறம் எங்கள் கூட்டமைப்பில் இருவர். அடுத்த மாதம் யார் எந்தத் தெருவில் என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்பதை அங்கே சொல்லி, ஒரே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். கல் பதிக்கும் முன் குழாய் பதிக்கலாம். ஒரு தெருவை ஒரு தடவை தோண்டினால் அரசுப் பணமும் மிச்சம்.

எந்தத் துறை தோண்டினாலும் ஏழு நாள் முன்னதாக ஊராட்சிக்கு எழுத்தில் தெரிவித்து, தொட்டி ஆபரேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோண்ட வேண்டும். உடைந்ததைச் சரிசெய்து, தோண்டிய துறையும் ஊராட்சியும் கையெழுத்திட்ட பிறகுதான் ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் ஆக வேண்டும். மற்றதில் எப்படியோ, இந்த ஒன்றில் தாங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டுகிறோம்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது. துறைகளிலிருந்து வருகிறார்கள், திட்டங்களை வாசிக்கிறார்கள், போகிறார்கள். போன சபையில் நாங்கள் போட்ட தீர்மானம் என்ன ஆனது என்று அடுத்த சபையில் அந்தந்தத் துறையே எழுத்தில் பதில் வாசிக்கவும் ஆணையிட வேண்டுகிறோம்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். தொட்டி ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு கூட்டமைப்புப் பெண்கள் தெருத் தெருவாக நடந்து, வால்வும் குழாயும் போகிற இடத்தைப் பள்ளி நோட்டில் வரைந்து வைத்திருக்கிறோம். நான்கு தெரு முடிந்தது, காலனித் தெருவும் மேலத் தெருவும் பாக்கி. குடிநீர் வாரியப் பொறியாளர் ஒரு நாள் வந்து அதைச் சரிபார்த்துக் கொடுத்தால், ஊராட்சி அலுவலகச் சுவரில் பெயிண்டில் எழுதி வைக்கும் செலவை எங்கள் குழுக்களே ஏற்றுக்கொள்கிறோம். அந்த ஒரு நாளைத் தை மாதத்துக்குள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: கிராம சபைத் தீர்மான நகல், தெருவின் புகைப்படங்கள், கையால் வரைந்த குழாய் வரைபட நகல், பொதுமக்கள் கையெழுத்துகள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர், ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பு