ஐம்பது காசு கார்டும் ஆறு ரூபாய் கார்டும்

வேலூர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. ஆற்காட்டில் வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் கடை சூடு பிடித்துவிட்டது என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தம்பியும் கடைக்கு வந்து உட்காருகிறான் என்பது இன்னும் நல்ல சேதி.

கடை விளம்பரத்துக்கு ஆயிரம் அட்டை அச்சடித்து ராணிப்பேட்டை, வாலாஜா, மேல்விஷாரம் முழுக்கத் தபாலில் விடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். தபால் கட்டணத்தை முதலில் பார். சாதாரண போஸ்ட் கார்டு 50 காசு. ஆனால் அதில் விஷயத்தை அச்சடித்துவிட்டால் அது அச்சிட்ட கார்டு. கட்டணம் 6 ரூபாய். பலர் 50 காசு கார்டை வாங்கி அச்சகத்தில் கொடுத்துவிட்டு அப்படியே பெட்டியில் போடுகிறார்கள். கட்டணம் குறைந்ததற்கான பணத்தைப் போஸ்ட்மேன் வாடிக்கையாளரிடம் கேட்டு நிற்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உன் கடைப் பெயரை யார் நல்லபடியாகச் சொல்வார்கள்?

ஆயிரம் அச்சுக் கார்டுக்குத் தபால் செலவு மட்டும் 6,000. கையால் எழுதிய 200 கார்டுக்கு 100 ரூபாய். அந்த 200 பேரும் ஏற்கெனவே உன்னிடம் வேலை செய்துகொண்டவர்களாக இருந்தால், முன்பின் தெரியாத ஆயிரம் பேரில் கூப்பிடுகிறவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் கூப்பிடுவார்கள். உன் தொழிலுக்கு இது இன்னும் பொருந்தும். ஃபில்டர் எப்போது மாற்ற வேண்டும் என்று அந்த வீட்டுக்காரருக்கு நினைவிருக்காது. உன் பில் புத்தகத்தில் தேதியோடு இருக்கிறது.

அதனால் கார்டு வாங்கும் முன் பில் புத்தகத்தைப் பிரி. ஃபில்டர் மாற்றி ஆறு மாதம் தாண்டியவர்களைத் தனியாக எழுது. வீடு மாறியவர்களின் பெயரை அடித்துவிடு. சி.எம்.சி. மருத்துவமனையில் வைத்தியத்துக்காக வந்து சில மாதம் வாடகைக்கு இருந்தவர்களின் பெயரையும் அடித்துவிடு, அவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். கதவு எண்ணில் பழையது, புதியது இரண்டையும் போடு. 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகும் பழைய பில்களில் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். ராணிப்பேட்டை என்று திருத்து. ஆனால் தபாலில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பது பின்கோடை வைத்துத்தான். ஆற்காடு 632503, வாலாஜா 632513, ராணிப்பேட்டை 632401. ஒரு எண் மாறினால் கார்டு ஊர் சுற்றிவிட்டு வரும், வராமலும் போகும். சித்தூர் பக்கத்து முகவரி இருந்தால் ஆங்கிலத்தில் எழுது.

எழுதுவதற்கு பால்பாயின்ட் பேனாவே போதும். ஜெல் மை மழையில் கலைந்துவிடும். இப்படி எழுதிப் பார்:

"அம்மா, உங்கள் வீட்டு மெஷினுக்குத் தை மாதம் ஃபில்டர் மாற்றினோம். இப்போது செடிமென்ட், கார்பன் ஃபில்டர் இரண்டும் மாற்ற வேண்டிய நேரம். கூலியோடு 900 ரூபாய். ஆடி 18-க்குள் கூப்பிட்டால் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்."

கீழே போன் நம்பரைப் பெரிதாக எழுது, அவ்வளவுதான். இன்வெர்ட்டரும் விற்கிறோம், கேமராவும் மாட்டுகிறோம் என்று சேர்த்தால் எதற்காக எழுதினாய் என்பதே தெரியாமல் போகும். பாக்கிப் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கார்டைத் தெருவில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அது அவர்கள் மானப் பிரச்சினை.

இருநூறையும் ஒரே நாளில் போடாதே. உன்னிடம் இருப்பது ஒரு மெக்கானிக். ஒரே நாளில் இருபது பேர் கூப்பிட்டால் பாதிப் பேருக்கு "நாளைக்கு வருகிறோம்" என்று சொல்ல வேண்டிவரும். அழைத்தும் வராத கடை என்று பெயர் வாங்கிவிடுவாய். வாரம் 50 போதும். திங்கட்கிழமை காலையில் தபால் நிலையத்திலேயே கொண்டுபோய்ப் போடு. ஆடிக் கிருத்திகை வாரத்தை விட்டுவிடு, ரத்தினகிரி முருகன் கோயில் கூட்டத்தில் வண்டி நகராது. ஒவ்வொரு தவணைக்கும் மூலையில் க1, க2 என்று சின்னதாகக் குறித்து அனுப்பு. கூப்பிடுகிறவரிடம் அந்த எழுத்தைக் கேட்டு நோட்டில் எழுதினால், எந்த வாரத்துக் கார்டு வேலை செய்தது என்று தெரிந்துவிடும்.

பின்னால் புது இடங்களுக்கு அச்சடித்து அனுப்ப நினைத்தால் இதை வைத்துக்கொள். 14-க்கு 9 சென்டிமீட்டர், 300 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஆர்ட் கார்டு. நான்கு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் விட்டால், 12-க்கு 18 அங்குல டிஜிட்டல் ஷீட்டில் 9 கார்டு வரும். லேமினேஷனைப் படம் இருக்கிற பக்கத்துக்கு மட்டும் போடு. முகவரிப் பக்கத்திலும் போட்டால் பேனா ஓடாது, தபால் முத்திரை மையும் வழியும். முகவரிக்கு வலது பாதியை முழுசாக விட்டுவிடு. க்யூஆர் கோடு வேண்டுமென்றால் படப் பக்கத்தில், 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வை. முகவரிப் பக்கத்தில் இருந்தால் முத்திரை அதன் மேல் விழலாம். உன் கடை முகவரியை இடது பாதியில் போட மறக்காதே, சேராத கார்டு திரும்பி வர அது ஒன்றே வழி. திரும்பி வந்தவற்றைப் பார்த்துப் பட்டியலைத் திருத்து.

சின்னத் தபால் நிலையத்தில் 200 கார்டு ஒரே சமயத்தில் கையிருப்பு இருக்காது. இந்த வாரமே கவுண்டரில் சொல்லிவை. முகவரிப் பட்டியல் தயாரானதும் ஒரு நகல் அனுப்பு, பின்கோடுகளை நான் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்