ஒன்பது இல்லை, நான்கு

ஹூஸ்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே வெயில் நம்மூர் சித்திரையைத் தோற்கடிக்கிறது. ஏ.சி. கடையிலிருந்து ஏ.சி. காருக்கு ஓடுவதுதான் எனக்கு உடற்பயிற்சி.

நேற்று ஸ்பேஸ் சென்டர் போயிருந்தேன். நிலாக் கல் ஒன்றைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். எத்தனையோ விரல் பட்டு, நம் அம்மிக் குழவி மாதிரி வழவழவென்று இருக்கிறது.

போனில் கேட்டாயே, நிலாவில் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்குதானே, உயரம் தாண்டுவதில் ஒன்றரை மீட்டர் தாண்டுகிற நீ அங்கே ஒன்பது மீட்டர் தாண்டுவாயா என்று. மாட்டாய். நிற்கும்போதே உன் ஈர்ப்பு மையம், அதாவது உடம்பின் எடை முழுவதும் குவிந்ததாகக் கொள்ளும் புள்ளி, தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீ எம்பித் தூக்குவது மிச்சம் அரை மீட்டர்தான். ஆறால் பெருக்க வேண்டியது அதை மட்டும். மூன்று, கூட அந்த ஒன்று, ஆக நான்கு. கோல் ஊன்றாமலே கோல் ஊன்றித் தாண்டுகிறவன் உயரம், போதாதா?

ஆனால் ஓடிவர வேண்டுமே! அங்கே எடை குறையும், நிறை, அதாவது உடம்பில் உள்ள பொருளின் அளவு, குறையாது. எடை குறைந்தால் காலுக்குப் பிடிமானம் ஏது? சந்தேகத்தில், அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் தோள் முங்க நின்று ஓடிப் பார்த்தேன். கால் தரையைத் தேய்க்கிறது, ஆள் நகரவில்லை. கரையிலிருந்த பாட்டி "ஆர் யூ ஓகே?" என்று எழுந்தே விட்டார். குளத்திலாவது நிற்பது சுலபம், தண்ணீர் தடுத்துவிடும். நிலாவில் நிற்கவே இரண்டு மூன்று எட்டுக்கு முன்பே யோசிக்க வேண்டும். அதனால்தான் நிலாவுக்குப் போனவர்கள் நடக்காமல் தத்தித் தத்திப் போனார்கள்.

1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 விண்வெளி வீரர் ஜான் யங் நிலாவில் கொடிக்கு சல்யூட் அடித்துக்கொண்டே குதித்ததை யூடியூபில் பார். அரை மீட்டர்கூட இல்லை, ஆனால் ஒன்றரை விநாடி அந்தரத்தில் நிற்கிறார். உடையும் முதுகுப் பையும் பூமியில் 80 கிலோவுக்கு மேல், அதுவும் விறைப்பான உடை. கூடப் போன சார்லி டியூக் உயரம் தாண்டிக் காட்டுகிறேன் என்று எம்பி, மல்லாக்க விழுந்தார். மூச்சுக்காற்றே அந்தப் பையில்தான். நல்லவேளை, உடையவில்லை.

நீயும் மல்லாக்கத்தான் விழுகிறாய். மணல் குழியில் கல் பொறுக்கிவிட்டுக் குதி. அம்மா அனுப்பிய பருப்புப் பொடி வந்தது, டப்பா உடைந்து பாதி சட்டையில். அவளிடம் சொல்லாதே.

அன்புடன்,
அண்ணன்