ஆரஞ்சு நிற 61: கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கும் நியூயார்க் மாநிலத்து ரோம் நகரத்து ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

ஆரஞ்சு நிற 61ஆம் எண் காரை ஓட்டிய நம் ஊர்ப் பந்தய வீரர் ரிச்சி எவன்ஸ் பற்றிய கட்டுரை ஒருவழியாக முடிந்து, நம் தமிழ்ச் சங்க மலர்க் குழுவின் கைக்குப் போய்விட்டது. அச்சில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி நீங்கள் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. எழுபதுகளில் வார இறுதி வந்தால் கையில் கிரீஸோடு பந்தயத் திடலில் நின்றவர் அவர். தன் கேரேஜில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, மாடிஃபைட் கார் என்றால் என்ன என்று எனக்குப் பாடமே நடத்தினார். ஒரு பழைய காரின் கூட்டை வெட்டிக் குறைத்து, சக்கரங்களை வெளியே தெரியும்படி விட்டு, பெரிய என்ஜினைப் பூட்டி, அரை மைல் வட்டத்தில் விரட்டுவது. முப்பதுகளின் இரண்டு கதவு கூப்பே கார்களின் கூடுகள் போய், பின்டோ, வேகா என்ற சிறிய கார்களின் கூடுகள் வந்த கதையையும் அவர்தான் சொன்னார்.

அப்புறம் அந்தப் புள்ளிக் கணக்கு. அது புரியாமல் எவன்ஸ் புரியமாட்டார். அன்றைய தேசிய மாடிஃபைட் பட்டத்துக்கு இத்தனை பந்தயம்தான் என்ற கட்டுப்பாடு கிடையாது. அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் அங்கீகரித்த திடல் எங்கே இருந்தாலும் அங்கே ஓட்டிப் புள்ளி சேர்க்கலாம். வெள்ளி ராத்திரி ஒரு மாநிலம், சனி ராத்திரி இன்னொன்று, ஞாயிறு வேறொன்று என்று காரை இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். 1979இல் மட்டும் எவன்ஸ் 60 பந்தயங்கள் ஓட்டி 37இல் ஜெயித்திருக்கிறார். 54 முறை முதல் ஐந்து இடங்களுக்குள். பெரியவர் சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். கூட்டவில்லை.

பழைய செய்தித்தாள்களைச் சலிக்காமல் எடுத்துத் தந்த நூலக அம்மாவுக்கு அடுத்த நன்றி. 1941இல் வெஸ்டர்ன்வில்லில் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பையன், 16 வயதில் பண்ணையை விட்டு கேரேஜ் வேலைக்கு வந்தது, 1962இல் யூட்டிகா-ரோம் ஸ்பீட்வேயில் பி.டி.-109 என்ற எண்ணோடு முதல் காரை இறக்கியது எல்லாம் அங்கிருந்து தொடங்கித்தான் எனக்குப் பிடிபட்டது. அந்த எண், பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடி போரில் செலுத்திய படகின் எண். அன்று தார் போட்டிருந்த அந்தத் திடல் இன்று மண் திடல்.

எவன்ஸின் போட்டியாளர் ஜெர்ரி குக்கின் ரசிகர் ஒருவருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என்னை விடமாட்டார். குக்கும் இதே ஊர்க்காரர்தான். 1971, 72, பிறகு 74 முதல் 77 வரை என்று ஆறு பட்டம் அவருக்கு. 1973இலும், 1978 முதல் 85 வரை ஒரு வருடம் விடாமலும், மொத்தம் ஒன்பது எவன்ஸுக்கு. 15 வருடம் அமெரிக்காவின் மாடிஃபைட் பட்டம் இந்தச் சின்ன ஊரை விட்டு வெளியே போகவில்லை! இப்படி ஒரு பெருமை நம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு இருந்திருந்தால் பேருந்து நிலையத்துக்கே பெயர் வைத்திருப்போம். குக் பட்டங்களையும் வருடத்தோடு போடவேண்டும் என்று அவர் அடம்பிடித்தது நியாயம். போட்டுவிட்டேன்.

வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் திடலில் நடந்த 1981 பந்தயத்தை நேரில் பார்த்த தம்பதிக்கு நன்றி. கடைசிச் சுற்றில் எவன்ஸும் இன்னொரு ஓட்டுநர் ஜெஃப் போடைனும் மோதிக்கொள்ள, எவன்ஸின் கார் சுவரில் ஏறி, நொறுங்கிய நிலையிலேயே முதலில் கோட்டைத் தாண்டியது. போடைனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாஸ்காரின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான டேடோனா 500ஐ 1986இல் ஜெயித்தவர் அவர். கணவர் ஒன்று சொல்ல, மனைவி அதைத் திருத்த, நான் இருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டேன்.

அதே மார்ட்டின்ஸ்வில்லில்தான், 1985 அக்டோபர் 24 அன்று, பயிற்சி ஓட்டத்தில் எவன்ஸ் இறந்தார். அந்த வருடப் பட்டம் ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. வயது 44. இதைப் பற்றிப் பேச விரும்பாதவர்களை நான் வற்புறுத்தவில்லை. பேசாமல் ஆல்பத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்த அம்மாவுக்கு என் வணக்கம். கட்டுரையிலும் அந்தப் பகுதி நான்கு வரிதான்.

எவன்ஸின் 61ஆம் எண்ணை நாஸ்காரின் மாடிஃபைட் தொடரில் பிறகு யாருக்கும் தரவில்லை. 2012இல் கேல் யார்பரோ, டேரல் வால்ட்ரிப், டேல் இன்மன், கிளென் வுட் ஆகியோரோடு நாஸ்கார் புகழ் மன்றத்தில் அவரையும் சேர்த்தார்கள். மற்ற நால்வரும் டிவியில் தெரியும் பெரிய கோப்பைப் பந்தய உலகத்து ஆட்கள். வட்டாரத் திடல்களில் ஓட்டியே ஒருவர் அந்த வரிசையில் உட்கார்ந்தது எனக்கு இன்னும் வியப்புதான்.

சிராக்யூஸ் அக்கா பிழை திருத்தியதோடு நிற்காமல், நான் ஆசை ஆசையாகச் செய்த மூன்று பட்டியல்களையும் வெட்டி எறிந்தார். அக்கா, நல்லதுதான் செய்தீர்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு என்னோடு திடலுக்கு வந்த என் மனைவிக்குத் தனியாக வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆல்பங்களை எல்லாம் ஸ்கேன் செய்தாகிவிட்டது. இந்த ஞாயிறு ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுக்க வருவேன். ஒரு குறை மட்டும் பாக்கி: அந்தப் பி.டி.-109 காரின் நல்ல படம் ஒன்று கிடைக்கவில்லை. யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள், மலர் அச்சுக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ரோம் நகரத்துத் தமிழன்