போர்க்கால நாவல் எழுதுவோருக்கு ஒரு நர்ஸின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாவலாசிரியர்களுக்கு,

வணக்கம். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சரித்திர நாவல் கிடைத்தால் சோறு தண்ணி மறந்துவிடும். ஆனால் யுத்தக் கதையில் நர்ஸ் வந்தாலே எனக்குக் கொஞ்சம் பயம். கதாநாயகன் காயம்பட்டுக் கிடப்பான். அவள் நெற்றியில் ஈரத்துணி போடுவாள். அவன் கண் திறப்பான், காதல் வந்துவிடும். அதே வார்டில் கிடக்கும் மற்றவர்களை அந்த நேரத்தில் யார் பார்த்தார்களோ!

ஜான்சி ராணி படையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய பெண்கள் படை. தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த பிரசவ டாக்டர். சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால் மரம் சீவிய கை துப்பாக்கி பிடித்தது, அணிவகுத்தது என்பதுவரை எல்லோரும் அழகாக எழுதிவிடுகிறீர்கள்.

அப்புறம்? 1944இல் அவர்களில் ஒரு பகுதியினர் பர்மாவில் மேமியோ வரை போனார்கள். இம்பால் போர்முனைக்குப் போகும் வாய்ப்பு வரவே இல்லை. அங்கிருந்து குற்றுயிராகத் திரும்பிய ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) சிப்பாய்களை மேமியோ ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டார்கள். இதை நீங்கள் ஒரே பத்தியில் முடித்துவிடுகிறீர்கள். எனக்கோ நாவலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. சண்டை போட வந்தவள் கையில் பெட்பானைக் கொடுத்தால் கோபம் வராதா? அந்தக் கோபத்தோடேயே அவள் ஒருத்தனைப் பக்கவாட்டில் புரட்டி, படுக்கைப் புண்ணைத் துடைத்து, கீழே விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுகிறாள். அதை எழுதுங்களேன்.

இன்னொன்று. இம்பாலிலிருந்து பின்வாங்கியது கொட்டும் மழைக்காலத்தில். குண்டடி பட்டவர்கள் மட்டுமா வந்தார்கள்? மலேரியா, சீதபேதி, பட்டினி. காயத்துக்கு ஒருமுறை கட்டுப் போட்டால் மறுநாள்வரை தாங்கும். சீதபேதிக்காரனுக்கு விடிய விடியத் துணி மாற்ற வேண்டும். அந்தத் துணியை யாராவது துவைத்துக் காயவைக்கவும் வேண்டும், அதுவும் மழையில். உங்கள் கதைகளில் யாருக்குமே வயிற்றால் போவதில்லை.

சமீபத்தில் படித்த ஒரு நாவலில், 1944 பர்மாக் காட்டில் பிளாஸ்டிக் பையிலிருந்து டிரிப்ஸ் இறங்குகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதுகூடக் கண்ணாடி பாட்டில்தான் ஐயா! பக்கத்துப் படுக்கைக்குப் பெனிசிலின் ஊசி வேறு. அது அப்போதுதான் எதிர்த்தரப்பில் இருந்த பிரிட்டன், அமெரிக்கா போன்ற நேச நாட்டுப் படைகளுக்கே பெரிய அளவில் போய்ச் சேர ஆரம்பித்திருந்தது. கோட்டையின் மதில் உயரத்தை நாலு பேரிடம் விசாரிக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக் காட்சி மட்டும் சும்மா வந்துவிடுமா?

அச்சுக்குப் போகும் முன் அந்த அத்தியாயங்களை மட்டுமாவது ஒரு வயதான நர்ஸிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்களில் பலர் வீட்டில் சும்மாதான் இருக்கிறோம், காசு கேட்க மாட்டோம். காதல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் டூட்டி முடிந்து, கை கழுவிவிட்டு வந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி